முறுக்கும் சேஸ், முறுக்கக் கூடாத பெட்டி: பழைய இராணுவ லாரியை உணவுக் கிடங்காக மாற்றிய பதிவு

ஏலத்தில் எடுத்த லாரி வந்து நின்ற அன்று எஞ்சினை நான் திறக்கவே இல்லை. பின்னால் ஏறி, முட்டி போட்டுக் குனிந்து, மரத்தளத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். டீசல், கிரீஸ், பழைய கான்வாஸ், இன்னதென்று சொல்ல முடியாத ஒரு ரசாயன நெடி. எத்தனை வருடமாக எதையெல்லாம் சுமந்ததோ, அத்தனையும் பலகைக்குள் ஊறிக் கிடந்தது. அந்த நிமிடமே மரத்தளம் முழுவதையும் பெயர்த்துப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

எதற்கு இந்த வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளம், புயல் சமயங்களில் நானும் நண்பர்களும் சமையல் செய்து கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம். சாப்பாடு தர முன்வருபவர்களுக்குக் குறைவே இருந்ததில்லை. வந்து சேர்ந்ததைக் கெடாமல் வைக்க இடம்தான் இருந்ததில்லை. அண்டாவைத் திறந்து மோந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மண்ணில் கவிழ்த்த நாட்கள் மனதை விட்டுப் போகவில்லை. சாதாரணக் குளிர்பதன வண்டி தார்ச்சாலை முடியும் இடத்தில் நின்றுவிடும். இராணுவ லாரி உயரமானது, எல்லாச் சக்கரமும் இழுக்கும், முழங்கால் தண்ணீரிலும் போகும். அதனால்தான் அது.

குளிர்பதன வண்டிக்கும் இராணுவத்துக்கும் பழைய உறவு உண்டு. லாரியில் பொருத்தும் குளிர்பதன இயந்திரத்தை 1930களின் கடைசியில் உருவாக்கியவர் பிரெடரிக் மெக்கின்லி ஜோன்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினத்தவர். இரண்டாம் உலகப் போரில் அவர் வடிவமைத்த இயந்திரங்கள் இரத்தம், மருந்து, உணவு எல்லாவற்றையும் போர்முனையில் குளிராக வைத்திருந்தன. அவர் இறந்து 30 ஆண்டுகள் கழித்து, 1991இல் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்ப விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. என் வேலை மேசைக்கு மேல் அவருடைய படம் ஒட்டியிருக்கிறது.

வாங்கும்போது பார்த்தவை

நெடுநாள் நின்ற வண்டிக்கு ஓட்டத்தால் வரும் தேய்மானத்தைவிட நின்றதால் வரும் கேடு அதிகம். பிரேக் ஹோஸ், ஆயில் சீல், கூலண்ட் ஹோஸ் எல்லாம் காய்ந்து வெடித்திருந்தன. டீசல் டாங்கின் அடியில் கறுப்புக் களி. டயரில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் புடைப்பு, இன்னும் ஆழமாகத்தான் இருந்தது, ஆனால் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் கடைசி இரண்டு வருடம், முதல் இரண்டு வாரம். 2309 என்றால் 2009ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஆறு டயரையும் மாற்றினேன். ரிம் பல துண்டுகள் சேர்ந்த வகை என்றால் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். வளையம் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். இதில் சமரசமே கிடையாது.

பெயின்டும் அப்படித்தான். பழைய பூச்சில் ஈயமும் குரோமேட்டும் இருக்கலாம். பாலியூரித்தேன் வகைப் பூச்சின் மேல் வெல்டிங் வைத்தாலோ கிரைண்டர் ஓட்டினாலோ கிளம்பும் புகை நுரையீரலுக்கு விஷம். வெட்டும் இடத்தைச் சுற்றி முதலில் ரசாயனம் தடவி, ஈரமாகவே சுரண்டி எடுத்தோம். முகமூடி போடாமல் யாரையும் பக்கத்தில் விடவில்லை. சுரண்டிய குப்பையைத் தனி டின்னில் அடைத்து வைத்தோம்.

சுமை விஷயத்தில் ஏமாறக் கூடாது. இராணுவ லாரிக்கு இரண்டு கணக்கு உண்டு. அமெரிக்காவின் எம்35 வகையை ‘இரண்டரை டன்’ என்பார்கள். அது கரடுமுரடான தரைக்கான கணக்கு, சாலையில் அதுவே ஐந்து டன் சுமக்கும். என் வண்டி வேறு வகை என்றாலும் அதன் தகட்டிலும் இரண்டு எண்கள் இருந்தன. சின்ன எண்ணைத்தான் எடுத்துக்கொண்டேன். பெட்டி, இயந்திரம், பேட்டரி, உணவு எல்லாம் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டும்.

நான் செய்த பெரிய தவறு

இந்தப் பதிவை எழுதுவதே இந்தப் பகுதிக்காகத்தான்.

லாரியின் பழைய சரக்குத் தொட்டியை இறக்கிவிட்டு, 4 மீட்டர் நீளத்துக்கு இரும்புச் சட்டத்தில் பெட்டி கட்டினோம். முன்பாதி குளிர் அறை, பின்பாதி உலர் சரக்கு அறை. பெட்டியைச் சேஸ் மேல், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின் மேல் உட்காரவைத்து, பக்கத்துக்கு நான்காக எட்டு யூ போல்ட் போட்டு முடிந்த மட்டும் இறுக்கினேன். வெல்டிங் வைக்க வந்த அண்ணன் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இதை இப்படி இறுக்கிக் கட்டினா வண்டி முறுக்குற ஒவ்வொரு தடவையும் பெட்டியும் சேர்ந்து முறுக்கும். பெட்டிக்கு முறுக்கத் தெரியாது. கிழியும்.”

“சேஸ் இவ்வளவு தடிமனா இருக்கேண்ணே, எங்க முறுக்கப் போகுது?”

“ஓட்டிப் பாரு.”

ஓட்டிப் பார்த்தேன். 40 கிலோமீட்டர் மண் பாதை. திரும்பி வந்தபோது பின்கதவின் மேல்மூலை சட்டத்தில் உரசி, திறக்கவே கடப்பாரை தேவைப்பட்டது. கூரையும் பக்கச் சுவரும் சேரும் இணைப்பில் சீலண்ட் ஒரு முழ நீளத்துக்குப் பிளந்திருந்தது. ரிவெட் துளைகள் நீள்வட்டமாகிவிட்டன.

அண்ணன் சொன்னது முழு உண்மை. இராணுவ லாரியின் சேஸ், ‘ப’ எழுத்தைப் படுக்கவைத்தது போன்ற திறந்த வெட்டு கொண்ட இரண்டு நீண்ட இரும்புகளும் குறுக்கே சில இணைப்புகளும்தான். வளைவதை அது தாங்கும். முறுக்குவதற்கு மட்டும் இடம் கொடுக்கும். அது குறையில்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்தது. ஒரு சக்கரம் மேட்டிலும் இன்னொன்று பள்ளத்திலும் இருக்கும்போது சேஸ் முறுக்கிக் கொடுப்பதால்தான் எல்லாச் சக்கரமும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. பெட்டியோ ஆறு பக்கமும் மூடியது, விறைப்பானது. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் விறைப்பானதுதான் உடையும்.

எல்லாவற்றையும் கழற்றினோம். பெட்டியின் அடியில் தனியாக ஒரு துணைச்சட்டம் போட்டோம். பின்பக்கம் மட்டும் நான்கு கெட்டியான பிராக்கெட். முன்பக்கம் நான்கு இடத்தில் நீண்ட போல்ட், அதன் மேல் கனத்த சுருள் ஸ்பிரிங். சேஸ் கீழே இறங்கினால் ஸ்பிரிங் அமுங்கி விட்டுக்கொடுக்கும், பெட்டி அப்படியே நிற்கும். பக்கவாட்டில் நகராமல் இருக்க இருபுறமும் வழிகாட்டித் தகடுகள். இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க நடுவே தடித்த பிளாஸ்டிக் பட்டை. புதுத் துளைகள் எல்லாம் சேஸின் நடுப்பட்டையில்தான். மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் துளை போடவில்லை, வெல்டிங்கும் வைக்கவில்லை. விளிம்பில்தான் இழுவிசையும் அமுக்கமும் உச்சத்தில் இருக்கும், அங்கே ஒரு துளை விழுந்தால் விரிசல் அதிலிருந்தே கிளம்பும்.

பிறகு சோதனை. இடது முன்சக்கரத்தையும் வலது பின்சக்கரத்தையும் கட்டை அடுக்கி 25 சென்டிமீட்டர் உயர்த்தினோம். வண்டிக்கு அடியில் டார்ச் பிடித்துப் படுத்துக்கொண்டு பார்த்தேன். வலது முன்மூலையில் சேஸ் மெல்லக் கீழே விலகியது, ஸ்பிரிங் அமுங்கியது. அளவுகோல் வைத்தால் 38 மில்லிமீட்டர். மேலே ஏறிக் கதவைத் தள்ளினேன், விரலால் தள்ளியதற்கே மூடிக்கொண்டது. வேலை தொடங்கிய பிறகு நிம்மதியாக மூச்சு விட்டது அன்றைக்குத்தான்.

வெப்பம் புகும் வழிகள்

குளிர் அறையின் உள்ளளவு நீளம் 1.8 மீட்டர், அகலம் 2.1, உயரம் 1.9. ஆறு பக்கமும் சேர்ந்து 22.4 சதுர மீட்டர் பரப்பு. 80 மில்லிமீட்டர் பஃப் நுரை (வெப்பத்தைத் தடுக்கும் பாலியூரித்தேன் நுரை) போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 0.3 வாட் வெப்பம் கடக்கும். வெளியே 35 டிகிரி, உள்ளே 4 டிகிரி என்றால் சுவர் வழியாக வருவது ஏறக்குறைய 208 வாட். இரண்டு மூன்று பழைய குண்டு பல்பு எரிவது போலத்தான்.

காகிதத்தில் அழகாக இருந்தது. முதல் முறை இயந்திரம் ஓடிய மறுநாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். வெளிச்சுவரில் பனித்துளி செங்குத்துக் கோடுகளாகப் படிந்திருந்தது. 60 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, நடுவில் உலர்ந்த தகடு, மறுபடி ஒரு கோடு. உள்ளே இரும்புச் சட்டம் எங்கெங்கே நிற்கிறது என்பதை வெளியே ஈரத்தால் வரைந்து காட்டியது போல இருந்தது. கையை வைத்தால் கோட்டில் சில்லென்றது, இடையில் வெதுவெதுப்பு.

காரணம் நான் உள்தகட்டை நேராக இரும்புச் சட்டத்திலேயே ரிவெட் அடித்திருந்தது. இரும்பு பஃப் நுரையைவிடச் சுமார் 2,000 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். எவ்வளவு நல்ல நுரை போட்டாலும் சட்டத்தின் வழியே குளிர் வழிந்தோடிக்கொண்டே இருக்கும். உள்தகட்டை முழுவதும் கழற்றி, சட்டத்துக்கு மேல் இடைவெளி விடாமல் 20 மில்லிமீட்டர் கடின நுரைப்பலகை ஒட்டி, அதன் மேல் எஃப்ஆர்பி (இழை சேர்த்த பிளாஸ்டிக்) ஷீட்டை ரிவெட் இல்லாமல் பசையால் ஒட்டினோம். ஒரு வார வேலை இரட்டிப்பானது. ஆனால் அடுத்த விடியலில் கோடுகள் இல்லை.

ஈரத் தடுப்பை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. நீராவி சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குப் போகும். குளிர் அறைக்குச் சூடான பக்கம் வெளிப்பக்கம். ஆகவே வெளித்தகட்டின் இணைப்புகள்தான் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். அங்கே ஒரு ஓட்டை இருந்தால் ஈரம் நுரைக்குள் போய்த் தண்ணீராகத் தேங்கும். தண்ணீர் ஊறிய நுரை வெப்பத்தைத் தடுக்காது, எடைதான் கூடும். பெட்டி முறுக்கினால் முதலில் பிளப்பது இந்த இணைப்புகள்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கூரைக்கு வெள்ளை அடித்தேன். பச்சையாக இருந்தபோது நடுப்பகலில் தகடு 66 டிகிரி காட்டியது, வெள்ளைக்குப் பிறகு 43. உள்ளே 4 டிகிரி வைத்திருக்கும்போது 66 டிகிரிக் கூரை, 35 டிகிரிக் கூரையைப் போல இரண்டு மடங்கு வெப்பத்தை இறக்கும். அதன் மேல் 10 சென்டிமீட்டர் தூக்கி சோலார் பேனல் வைத்தோம். மின்சாரமும் கிடைக்கிறது, நிழலும் கிடைக்கிறது, நடுவே காற்றும் ஓடுகிறது.

கதவைத் திறப்பதுதான் பெரிய செலவு. அறைக்குள் இருப்பது 7 கன மீட்டர் காற்று. ஒரு தடவை கதவை அகலத் திறந்து அத்தனையும் வெளிக்காற்றாக மாறிவிட்டால், புழுக்கமான நாளில் அந்தக் காற்றையும் அதன் ஈரத்தையும் குளிர்விக்க 550 கிலோஜூல் வேண்டும். சுவர் வழியாக முக்கால் மணி நேரம் வரும் வெப்பம் அது. தடித்த பிளாஸ்டிக் பட்டைத் திரை தொங்கவிட்டதும், எந்தக் கூடை எந்தத் தட்டில் என்று கதவின் வெளியே எழுதி ஒட்டியதும் அதனால்தான். உள்ளே போய்த் தேடுவதற்கு இடமே வைக்கக் கூடாது.

கதவு ஓரத்து ரப்பர் பட்டையான கேஸ்கெட் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க எளிய வழி: ஒரு தாளைக் கதவில் வைத்து மூடிவிட்டு இழுங்கள். பிடித்து இழுக்க வேண்டும். சும்மா நழுவி வந்தால் அங்கே குளிர் கசிகிறது.

குளிரும் மின்சாரமும்

குளிர்வாயு வேலையை நான் தொடவில்லை, அதற்கான பயிற்சி பெற்ற மெக்கானிக் செய்தார். 24 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரசர், வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டென்சர், இரண்டும் முன்சுவரின் வெளியே. கூரையை ஒட்டி உள்ளே தட்டையான தொட்டிகள், அவற்றுக்குள் குளிர்க்குழாய், 30 கிலோ தண்ணீர். பகலில் சோலாரிலும் ஓட்டத்திலும் தண்ணீர் உறைகிறது. இரவில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சின்ன மின்விசிறியை மட்டும் விட்டால் பனி உருகிக்கொண்டே அறையைக் காக்கிறது. ஒரு கிலோ பனி உருக 334 கிலோஜூல் வேண்டும். 10 மணி நேரம் 208 வாட் என்றால் 22 கிலோ பனி போதும், மீதி கதவு திறப்புக்கு. நிவாரண முகாமுக்குப் பக்கத்தில் ராத்திரி எஞ்சின் உறுமாமல், புகை கக்காமல் நிற்க முடிவது இதனால்தான்.

இயந்திரம் குளிரைக் காப்பதற்குத்தான், சூடான பொருளைக் குளிர்விப்பதற்கு இல்லை. 200 கிலோ சாமானை 20 டிகிரி இறக்க 16,000 கிலோஜூல் வேண்டும், அதாவது நான்கரை யூனிட்டுக்குப் பக்கம். அத்தனை நேரமும் ஏற்கனவே உள்ளே இருப்பவையும் சூடாகும். ஆகவே குளிர்ந்ததைத்தான் ஏற்றுவோம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது தெளிவானது: சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதே, குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே, சூடானது 60 டிகிரிக்கு மேலே. நடுவில் இருப்பது கிருமி பெருகும் வெப்பநிலை.

வயரிங்கில் ஒன்று மட்டும் சொல்கிறேன். இராணுவ வண்டி 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக இணைந்தது. எல்இடி விளக்குக்கு ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தேன், வேலை சுலபமாக முடிந்தது. மூன்று வாரத்தில் ஒரு பேட்டரி 12.9 வோல்ட், மற்றது 11.8. ஒன்று பட்டினி கிடக்க, இன்னொன்று அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகி அமிலம் கொதித்தது. 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டரைப் போடுங்கள். அறைக்கான பேட்டரி தனி. எஞ்சின் ஓடும்போது மட்டும் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச், அதை எஞ்சினின் மின்னாக்கியான ஆல்டர்னேட்டரோடு இணைக்கும். காலையில் வண்டி கிளம்பாமல் உணவோடு சிக்கிக்கொள்ளும் நிலை வரவே கூடாது.

உலர் அறையில் பெரிய வேலை இல்லை. மூட்டைகள் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில், சுவரைத் தொடாமல். காற்றோட்டத் துளைகளுக்கெல்லாம் 6 மில்லிமீட்டருக்கும் குறைந்த கண் உள்ள கம்பி வலை, அதைவிடப் பெரிய கண்ணில் சுண்டெலிக் குட்டி நுழைந்துவிடும். தானியத்தில் ஈரம் 13 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஏற்றுவதில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் முன்விளிம்பு, குறுக்கே ஒரு கம்பி. காலி வண்டியில் பட்டை ஸ்பிரிங் கல் மாதிரி இருக்கும், குறைந்த சுமையில் கண்ணாடிப் புட்டிகளை ஏற்றினால் அடியில் ரப்பர் பாய் அவசியம்.

குளிர் அறைக் கதவுக்கு உள்ளிருந்து திறக்கும் பிடி வைத்தேன். இருட்டில் ஒளிரும் ஸ்டிக்கரும் ஒட்டினேன். யாரும் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது.

சோதனை ஓட்டங்கள்

கழுவித் துடைத்து உலர்ந்த பிறகு, ஒரு கிண்ணத்தில் உப்பில்லாத வெண்ணெயைத் திறந்தபடி உள்ளே வைத்து இரண்டு நாள் பூட்டினேன். கொழுப்பு வாசனையை இழுத்துக்கொள்ளும். முதல் தடவை நாக்கில் பசையின் கசப்பு லேசாகத் தட்டியது. கதவுகளைத் திறந்துபோட்டு மேலும் ஒன்பது நாள் காற்றாட விட்டோம். இரண்டாவது தடவை வெண்ணெய் வெண்ணெயாகவே இருந்தது.

வெப்பமானியின் நுனியைக் காற்றில் தொங்கவிடாமல் அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிக்குள் விட்டிருக்கிறேன். கதவு திறந்ததும் காற்று வெப்பநிலை துள்ளும், உணவின் வெப்பநிலை அப்படித் துள்ளாது. நமக்கு வேண்டியது உணவுடையது. நொறுக்கிய பனியும் தண்ணீரும் கலந்த டம்ளரில் விட்டுப் பூச்சியம் காட்டுகிறதா என்று மாதம் ஒரு முறை சரிபார்க்கிறேன்.

300 கிலோ குளிர்ந்த தண்ணீர்க் கேன்களை ஏற்றி, அதே மண் பாதையில் அதே 40 கிலோமீட்டர். திரும்பி வந்து எடைமேடையில் ஒவ்வொரு அச்சாக நிறுத்தினோம், அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது. மாலை 6 மணிக்கு இயந்திரத்தை நிறுத்தினேன், புட்டி 3.4 டிகிரி. காலை 8 மணிக்கு 4.6. இணைப்புகளில் விரலை ஓட்டிக்கொண்டே பெட்டியை ஒரு சுற்று வந்தேன், எங்கும் பிளவு இல்லை.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும், நூலில் கட்டிய பென்சிலும் தொங்குகின்றன. நேரம், புட்டியின் டிகிரி, கதவு எத்தனை தடவை திறந்தது என்று மூன்று பத்தி. முன்பக்க ஸ்பிரிங் போல்ட்டுகளை ஒவ்வொரு 500 கிலோமீட்டருக்கும் இறுக்கம் பார்க்க வேண்டும், அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். பின்கதவின் கீழ்மூலையில் தாள் இன்னும் கொஞ்சம் லேசாக நழுவுகிறது. கீலுக்கு அடியில் ஒரு மில்லிமீட்டர் வாஷர் வைத்துப் பார்ப்பதாக இருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருகிறார்.